வேகம் பயிலும் மூன்று நாட்கள்

பட்டிருப்புப் பாலத்தைக் கடந்து படுவான்கரையில் இறங்கியவர்களுக்குப் போரதீவிலிருந்து வெல்லாவெளி நோக்கிச் செல்லும் வீதியை விவரிக்க வேண்டியதில்லை. இரு மருங்கும் வயல்வெளி. தலைக்கு மேல் மறைப்பில்லாத வானம். மாலை வேளையில் வயலிலிருந்து திரும்பும் உழவு இயந்திரம் ஒன்றை முந்திச் சென்ற இளைஞன், முன்னே வீதி வெறிச்சோடிக் கிடப்பதைக் கண்டதும் மோட்டார் சைக்கிளின் வலக் கைப்பிடியை முறுக்குகிறான். காற்றுக் காதில் இரைகிறது. வேகமானியின் முள் ஏறுகிறது. அந்தக் கணத்தில் அவன் தன்னை ஒரு பந்தய ஓட்டி என்றே எண்ணிக்கொள்கிறான். துணிவு உள்ளவனுக்கே வேகம் உரியது என்பது அவன் கொண்ட முடிவு.

உண்மையான பந்தயத் தடத்தில் முதன்முறையாக இறங்கும் புதியவன் முதலில் கைவிட நேரும் எண்ணமும் இதுவே ஆகும். தடத்தில் துணிவுக்குக் குறைவில்லை. அங்கு வந்திருக்கும் ஒவ்வொருவரிடமும் அது வேண்டிய அளவு உண்டு. ஆயினும் ஒருவர் முன்னும் மற்றவர் பின்னும் வருவதற்குக் காரணம் வேறு. கண் எங்கே பார்க்கின்றது, கை எவ்வளவு இறுகப் பிடிக்கின்றது, பிரேக் பிடிக்கும் முடிவு எந்த இடத்தில் எடுக்கப்படுகின்றது என்பனவே அந்தக் காரணங்கள். வெள்ளி, சனி, ஞாயிறு ஆகிய மூன்று நாட்களுக்குள் இவற்றை ஒருவன் எவ்வாறு கற்கிறான் என்பது பந்தயம் பாராதவர்க்கும் பயன்படக்கூடிய செய்தி.

மட்டக்களப்பு மாவட்டத்தில் நிரந்தரமான மோட்டார்ப் பந்தயத் தடம் கிடையாது. எனினும் இலங்கைக்கு இவ்விளையாட்டுப் புதிதன்று. நுவரெலியாவின் மகாகஸ்தோட்டை மலையேற்றப் போட்டி 1934ஆம் ஆண்டிலேயே தொடங்கிவிட்டது. களுத்துறைக்கு அருகிலுள்ள கட்டுக்குருந்தையில் இரண்டாம் உலகப் போர்க்காலத்து விமான ஓடுபாதை பின்னாளில் பந்தயத் தடமாயிற்று. தமிழ்நாட்டிலும் இதே கதைதான். சென்னைக்கு வடக்கே சோழவரத்தில் போர்க்காலத்தில் அமைக்கப்பட்டுப் பின்னர் பயனற்றுக் கிடந்த ஓடுபாதையில், 1953இல் அமைந்த மதராஸ் மோட்டார் ஸ்போர்ட்ஸ் கிளப் பல்லாண்டுகள் பந்தயங்களை நடத்தியது. போரின் பொருட்டுப் போடப்பட்ட கொங்கிரீட் பாதைகள், போர் ஓய்ந்த பின்பு இளைஞர்களின் வேக வேட்கைக்கு இடங்கொடுத்தன என்பது வேடிக்கையான வரலாறு. சோழவரத்துக்குப் பின்னர் அதே கழகம் ஸ்ரீபெரும்புதூருக்கு அருகே இருங்காட்டுக்கோட்டையில் பந்தயத்துக்கென்றே ஒரு தடத்தை அமைத்தது. 1990ஆம் ஆண்டு முதல் அங்குப் போட்டிகள் நடைபெறுகின்றன. ஒரு சுற்று ஏறக்குறைய 3.7 கிலோமீற்றர், வளைவுகள் 12. தமிழ் பேசும் இளைஞன் ஒருவன் மோட்டார் சைக்கிள் பந்தயத்தைத் தாய்மொழியிலேயே கேட்டுக் கற்கக்கூடிய முதன்மையான இடம் அதுவே. ஆதலின் இங்குக் கூறப்படுபவற்றை அத்தடத்தில் நடப்பனவாகவே நேயர்கள் மனத்தில் கொள்ளலாம்.

வெள்ளிக்கிழமை காலையில் புதியவன் தன் வண்டியைத் தடத்துக்குக் கொண்டுபோவதில்லை. பரிசோதகரின் மேசைக்குத்தான் கொண்டுபோகிறான். வண்டியிலிருந்து கண்ணாடிகளும் பக்கத் தாங்கியும் கழற்றப்பட்டிருக்க வேண்டும். விளக்குகள் அகற்றப்பட்டிருக்க வேண்டும். அகற்ற முடியாதவை ஒட்டுநாடாவால் மூடப்பட்டிருக்க வேண்டும். எஞ்சினின் எண்ணெய் வடிக்கும் திருகு, தளர்ந்தாலும் கழன்று விழாதபடி மெல்லிய கம்பியால் முறுக்கிக் கட்டப்பட்டிருக்க வேண்டும். நீரால் குளிர்விக்கப்படும் எஞ்சினாயின், கடைகளில் விற்கப்படும் வண்ணத் திரவம் அங்கே பொதுவாக அனுமதிக்கப்படுவதில்லை. அது தடத்தில் சிந்தினால் எளிதில் உலராது, வழுக்கும். வெறும் தண்ணீர் போதும் என்பார்கள். முறுக்கிய கைப்பிடியை விட்டவுடன் அது தானாகவே திரும்பி மூடிக்கொள்கிறதா என்று பரிசோதகர் இரண்டு மூன்று முறை பார்க்கிறார்.

புதியவனுக்கு இவையெல்லாம் வீண் சடங்காகத் தோன்றும். தன் உயிரைத் தான் பார்த்துக்கொள்ளத் தெரியாதா என்று அவன் உள்ளூரப் பொருமுவதும் உண்டு. ஆனால் அந்தக் கம்பி அவனுடைய உயிருக்காகக் கட்டப்பட்டதன்று. அவனுக்குப் பின்னால் வருபவனுக்காகக் கட்டப்பட்டது. வளைவின் நடுவே விழுந்த ஒரு சிறங்கை எண்ணெய், அடுத்து வரும் பத்து வண்டிகளை அடுக்கடுக்காக விழுத்தக் கூடியது. தன் வண்டியின் குற்றம் பிறர் உடலில் காயமாக முடியும் என்பதை முதன்முதலாக அந்த மேசையின் முன்புதான் அவன் அறிகிறான்.

வண்டிக்குப் பிறகு உடை. தலைக்கவசம், ஒரே துண்டாகத் தைத்த தோல் உடை, முதுகுக் காப்பு, மணிக்கட்டு வரை மூடும் கையுறை, கணுக்காலைக் காக்கும் சப்பாத்து. சென்னை வெயிலில் இந்தத் தோலுடையை அணிந்து கால் மணி நேரம் நின்றாலே உடல் நனைந்துவிடும். அனுபவமுள்ளவர்கள் வெள்ளிக்கிழமை காலையிலிருந்தே தண்ணீரைச் சிறிது சிறிதாகக் குடித்துக்கொண்டிருப்பார்கள். புதியவன் தாகம் எடுக்கட்டும் என்று காத்திருப்பான். பிற்பகலில் அவனுக்குத் தலை வலிக்கும். அதை வெயிலின் மீது பழிபோடுவான்.

பின்னர் ஓட்டிகளின் கூட்டம். கொடிகளின் பொருள் அங்கே விளக்கப்படுகிறது. மஞ்சள் கொடி, முன்னே ஆபத்து, முந்தாதே என்று சொல்லும். சிவப்புக் கொடி ஓட்டம் நிறுத்தப்பட்டதை அறிவிக்கும். நீலக் கொடி, உன்னைவிட ஒரு சுற்று முந்தியவன் பின்னால் வருகிறான் என்பதற்கு. மஞ்சளில் சிவப்புக் கோடுகள் இட்ட கொடி, தடத்தில் எண்ணெயோ மணலோ வேறு வழுக்கும் பொருளோ உண்டு என்பதற்கு. கறுப்பில் செம்மஞ்சள் வட்டம் உள்ள கொடி, உன் வண்டியில் கோளாறு, உடனே வெளியே வா என்பதற்கு. இவற்றை மனப்பாடம் செய்வது கடினமன்று. ஓடும்போது பார்ப்பதே கடினம். முதல் நாள் ஓட்டத்தில் எத்தனை கொடிக்காவலர்களைக் கண்டாய் என்று பயிற்சியாளர் கேட்டால், பல புதியவர்களுக்கு ஒருவரைக்கூட நினைவிராது. கொடி இருந்தது; கண்ணும் இருந்தது; கவனம் மட்டும் வேறெங்கோ செலவாகிவிட்டது.

அமெரிக்கப் பயிற்சியாளரான கீத் கோட் இதற்கு ஓர் உவமை கூறியுள்ளார். ஓட்டியின் கவனம் பையிலுள்ள பத்து டாலர் தாளைப் போன்றதாம். புதியவன் வண்டி ஓட்டும் செயலுக்கே அதில் பெரும்பகுதியைச் செலவழித்துவிடுகிறான். ஒரு செயல் பழகப் பழக அதன் விலை குறைகிறது. மிச்சப்படும் பணம் வேறு கவனிப்புகளுக்கு உதவுகிறது. படுவான்கரைப் பேச்சில் சொல்வதானால், கையில் உள்ள விதைநெல் கொஞ்சம். அதை எந்த வயலில் தெளிப்பது என்பதே கேள்வி.

வெள்ளி பிற்பகல் முதல் ஓட்டம். டயர் குளிர்ந்திருப்பதால் முதல் சுற்றில் நிதானம் வேண்டும் என்று சொல்லப்படுகிறது. தரையைத் தொடும் டயரின் பரப்பு உள்ளங்கை அளவே. அந்தச் சிறிய பரப்பின் வழியாகத்தான் வேகம் கூட்டுதல், குறைத்தல், திரும்புதல் ஆகிய மூன்றும் நடைபெற வேண்டும். றப்பர் சூடேறி இளகும்போதே அதன் பிடிப்பு முழுமை பெறுகிறது. இதைக் கேட்டுத் தலையசைத்தவன் இரண்டாவது வளைவிலேயே அதை மறந்துவிடுவதும் உண்டு.

இங்கேதான் கண்ணின் பாடம் தொடங்குகிறது. இருசக்கர வண்டி, ஓட்டி பார்க்கும் திசையை நாடிச் செல்லும். வளைவின் வெளிப்புறத்திலுள்ள டயர் மதிலைப் பார்த்து அஞ்சுபவன் அந்த மதிலையே சென்றடைகிறான். விபத்துக்களை ஆராய்ந்தவர்கள் திரும்பத் திரும்பக் காணும் செய்தி இது. பாதையின் நடுவே ஒரே ஒரு கல் கிடந்தாலும், கல்லையே பார்த்துக்கொண்டு வருபவன் தவறாமல் அதன் மீது ஏறுகிறான். வெல்லாவெளிப் பக்கத்தில் சைக்கிள் பழகிய எந்தச் சிறுவனும் வாய்க்காலைப் பார்த்துப் பார்த்தே வாய்க்காலுக்குள் விழுந்த அனுபவத்தை அறிவான். தடத்தில் வேகம் மட்டுமே வேறு, விதி அதுவே. ஆகவே பயிற்சியாளர் புதியவனிடம், வளைவுக்குள் நுழையும் முன்பே வளைவின் உட்புள்ளியைப் பார், அதை அடையும் முன்பே வெளியேறும் இடத்தைப் பார், கண் எப்போதும் சக்கரத்துக்கு முந்தி ஓடட்டும் என்கிறார். மணிக்கு 100 கிலோமீற்றர் வேகத்தில் ஒரு நொடியில் வண்டி ஏறக்குறைய 28 மீற்றர் கடந்துவிடுகிறது. முன் சக்கரத்துக்குச் சில மீற்றர் முன்னால் பார்ப்பவனுக்கு, கண்டதைக் கொண்டு ஏதும் செய்ய நேரமில்லை; அவன் கண்டது ஏற்கெனவே கடந்துபோனது.

அடுத்து வண்டியைத் திருப்பும் வகை. வலப்புறம் திரும்ப வேண்டுமாயின், வேகமாக ஓடும் மோட்டார் சைக்கிளில் வலக் கைப்பிடியை முன்னோக்கித் தள்ள வேண்டும். அதாவது முன் சக்கரம் கணப்பொழுது இடப்புறம் திரும்புகிறது. வண்டி வலப்புறம் சாய்கிறது. சாய்ந்த பின்னரே வலப்புறம் வளைகிறது. கேட்பவர்க்கு இது தலைகீழாகத் தோன்றும். விமானத்தை முதலில் பறக்கவிட்ட ரைட் சகோதரர்கள் சைக்கிள் கடை வைத்திருந்தவர்கள் என்பது யாவரும் அறிந்தது. அவர்களுள் மூத்தவரான வில்பர், சைக்கிள் ஓட்டுபவர்கள் பலரிடம் எவ்வாறு திரும்புகிறீர்கள் என்று வினவியும், முதல் விடையிலேயே முழுவதையும் சரியாகச் சொன்ன ஒருவரையும் காணவில்லை என்று எழுதிவைத்தார். கை அறிந்ததை வாய் அறியாது. எல்லோரும் அறியாமலே செய்யும் இச்செயலை அறிந்து செய்யத் தொடங்கும் நாளில்தான், புதியவன் வண்டியை வேண்டிய இடத்தில், வேண்டிய விரைவில் சாய்க்க வல்லவனாகிறான்.

எவ்வளவு சாய்க்க வேண்டும் என்பதற்குக் கணக்கு உண்டு. 40 மீற்றர் ஆரையுள்ள வளைவை மணிக்கு 72 கிலோமீற்றர் வேகத்தில் கடக்க வண்டியும் ஓட்டியும் சேர்ந்து ஏறக்குறைய 45 பாகை சாய வேண்டும். வேகம் சிறிது கூடினாலும் சாய்வு வெகுவாகக் கூடும். பந்தய ஓட்டிகள் உடலை வண்டியின் உட்புறமாக இறக்கி, முழங்கால் தரையை உரசும்படி தொங்குவது காட்சிக்காக அன்று. உடல் உள்ளே இறங்கினால் அதே வேகத்துக்கு வண்டி சாய வேண்டிய அளவு குறைகிறது. புதியவர்கள் பலர் முதல் நாளிலேயே முழங்காலைத் தரையில் உரசிக் காட்ட விரும்புவார்கள். படம் நன்றாகத்தான் விழும்; நேரக் கணிப்பாளரின் தாளில் அது தெரியாது.

வெள்ளி இரவு அவனுடைய முன்கைகள் கல்லாய் இறுகியிருக்கும். விரல்களை மடக்க முடியாது. அச்சத்தால் கைப்பிடியை நெரித்துப் பிடித்ததே காரணம். கால் முட்டுகளால் பெற்றோல் தாங்கியை அணைத்து உடலைத் தாங்க வேண்டும். கைகள் கோழிக்குஞ்சைப் பிடிப்பதுபோலப் பிடிக்க வேண்டும். நெரித்துப் பிடித்த கைப்பிடி, மேடுபள்ளத்தில் சக்கரம் தானாகச் சரிசெய்துகொள்ளும் சிறு அசைவைத் தடுத்துவிடுகிறது. வண்டி நிலைகுலைவதற்கு வண்டி காரணமாயிருப்பது குறைவு.

சனிக்கிழமை தகுதி ஓட்டம். இந்நாளில் பயிலும் முக்கியமான பாடம் பிரேக். நேர்ப்பாதையின் முடிவில் தூரத்தைக் காட்டும் பலகைகள் நிற்கும். புதியவன் தனக்கென ஓர் அடையாளத்தைத் தேர்ந்து, ஒவ்வொரு சுற்றிலும் அங்கேயே பிரேக் பிடிக்கிறான். பழகிய பின் ஓரிரு மீற்றர் முன்தள்ளிப் பார்க்கிறான். ஒரே தாவலில் 20 மீற்றர் தள்ளிப்போடுபவன் மணல் பரப்புக்குள் போய்ச் சேருகிறான். வேகம் இரட்டிப்பானால் நிற்கத் தேவையான தூரம் நான்கு மடங்காகும் என்பது பாடசாலைப் பௌதிகம். மணிக்கு 72 கிலோமீற்றரில் ஓடும் வண்டி நல்ல பிரேக்கில் 25 மீற்றரில் நின்றால், 144 கிலோமீற்றரில் ஓடுவது 100 மீற்றர் கேட்கும். தாளில் எழுதும்போது இது எளிது. கண்முன்னே வளைவு பாய்ந்து வரும்போது உடல் இந்தக் கணக்கை நம்ப மறுக்கிறது.

முன் பிரேக்கைப் பற்றிய அச்சமும் அன்றுதான் நீங்குகிறது. முன் பிரேக்கைப் பிடித்தால் தலைகுப்புற விழுவாய் என்று கிராமங்களில் மூத்தோர் எச்சரிப்பது வழக்கம். திடீரென்று பற்றினால் அது உண்மை. ஆனால் பிரேக் பிடித்ததும் வண்டியின் பாரம் முன் சக்கரத்துக்கு நகர்கிறது. பாரம் ஏறிய சக்கரமே தரையை நன்கு பற்றுகிறது. பின் சக்கரமோ பாரமிழந்து வழுக்குகிறது. ஆகவே முன் பிரேக்கை முதலில் மெதுவாகப் பிடித்து, பாரம் நகர இடங்கொடுத்து, பின்னர் இறுக்க வேண்டும். எலுமிச்சம்பழத்தைப் பிழிவதுபோல என்று பயிற்சியாளர்கள் சொல்வார்கள்.

வளைவுக்குள் எவ்வளவு வேகமாக நுழைவது என்ற ஆசையும் அன்று தணிக்கப்படுகிறது. 50 மீற்றர் நீளமுள்ள வளைவொன்றை 60க்குப் பதிலாக 65 கிலோமீற்றர் வேகத்தில் கடந்தால் மிச்சமாவது கால் நொடிக்கும் குறைவு. அதே 5 கிலோமீற்றரை வளைவிலிருந்து வெளியேறும்போது கூடுதலாகப் பெற்று 500 மீற்றர் நேர்ப்பாதைக்குள் சென்றால், அந்த ஆதாயம் வழி நெடுகிலும் உடன் வருகிறது. அதில் பாதி கரைந்துபோனாலும் மிச்சம் பெரிது. பரபரப்போடு நுழைந்தவன் வளைவின் நடுவே திணறி, வெளியேறும்போது கைப்பிடியை முறுக்க முடியாமல் காத்திருக்கிறான். நிதானமாக நுழைந்தவன் அப்போது அவனைக் கடந்து போகிறான். கடந்து போனவன் மெதுவாக ஓட்டுவதாகவே தோன்றும். வேகமான ஓட்டிகளைக் கரையிலிருந்து பார்ப்போர் அடிக்கடி கொள்ளும் மயக்கம் இது.

அன்று ஒருமுறையேனும் யாராவது விழுவார்கள். முன் சக்கரம் பிடிப்பிழந்தால் வண்டி சறுக்கும். ஓட்டி தரையோடு தரையாக வழுக்கிச் செல்வான். தோலுடை தேயும், பெரும்பாலும் எலும்பு தப்பும். பின் சக்கரம் பிடிப்பிழந்து, ஓட்டி பதற்றத்தில் கைப்பிடியைச் சட்டென விட்டுவிட, சக்கரம் மீண்டும் தரையைப் பற்றிக்கொண்டால், வண்டி துள்ளி ஓட்டியை மேலே எறிந்துவிடும். இதுவே கொடியது. பதற்றத்தில் செய்யப்படும் திருத்தம் பிழையைவிடப் பெரிய கேட்டை விளைவிக்கும் என்பதற்கு இதைவிடத் தெளிவான சான்று வேறில்லை. விழுந்தவன் வண்டியைப் பற்றிக்கொண்டிராமல் விட்டுவிட வேண்டும். உடல் முற்றிலும் நிற்கும் வரை எழ முயலக் கூடாது. மணிக்கு 50 கிலோமீற்றரில் சறுக்கிக்கொண்டிருப்பவனுக்குத் தான் நின்றுவிட்டதுபோன்ற மயக்கம் உண்டாவதுண்டு.

இவ்விளையாட்டில் ஆபத்து அலங்காரச் சொல்லன்று. 2023ஆம் ஆண்டு ஓகஸ்ட் 5ஆம் நாள், சனிக்கிழமை, இருங்காட்டுக்கோட்டையில் தேசிய மோட்டார் சைக்கிள் போட்டிகளின் ஒரு பகுதியாக நடந்த புதியவர்களுக்கான பந்தயத்தில், பெங்களூரைச் சேர்ந்த 13 வயதுச் சிறுவன் ஒருவன் உயிரிழந்தான். பந்தயம் தொடங்கிய சற்று நேரத்தில், முதல் வளைவை விட்டு வெளியேறும்போது அவன் விழுந்தான். எஞ்சிய போட்டிகள் இரத்துச் செய்யப்பட்டன. அவன் திறமையற்றவன் அல்லன். அந்த வயதிலேயே வெற்றிகள் கண்டவன். மறு ஆண்டு, 2024 ஏப்ரல் 21ஆம் நாள், தியத்தலாவை பொக்ஸ்ஹில் பந்தயத்தில் கார் ஒன்று தடத்தை விட்டு விலகிப் பார்வையாளர்கள் மீது பாய்ந்தது. 7 பேர் மாண்டனர். அவர்களுள் சிறு பிள்ளையும் இருந்தது. காவலர், கொடி, அம்புலன்ஸ் வண்டி, மருத்துவர் ஆகிய அனைத்தும் உள்ள இடங்களிலேயே இவை நிகழ்ந்தன.

ஞாயிற்றுக்கிழமை பந்தயம். தகுதி ஓட்டத்தின் நேரப்படி வண்டிகள் வரிசையாக நிறுத்தப்படுகின்றன. ஒரு சுற்று மெல்ல ஓடி டயர்களைச் சூடாக்கிவிட்டு மீண்டும் தம் இடத்துக்கு வருகின்றன. சிவப்பு விளக்கு அணைகிறது. இருபது எஞ்சின்களின் ஓசையில் தன் எஞ்சினின் ஓசை ஓட்டிக்குக் கேட்காது; கியர் மாற்ற வேண்டிய நேரத்தை இரண்டு நாட்களாக ஓசையைக் கொண்டே அறிந்தவன் திகைக்கிறான். எல்லோரும் ஒரே நேரத்தில் முதல் வளைவை அடைகிறார்கள். பிரேக் பிடிக்கத் தேர்ந்த பலகை முன்னால் செல்பவரின் முதுகால் மறைந்துவிடுகிறது. சனிக்கிழமை பாடமெல்லாம் அந்தப் பத்து நொடியில் கரைந்துபோகும். முதல் சுற்றில் ஓரிடம் இழந்தாலும் இழக்கலாம், விழுந்துவிடக் கூடாது என்று மூத்த ஓட்டிகள் புதியவனுக்கு ஓயாது ஓதுவது இதனாலேயே.

பின்னர்தான் பெரிய சோதனை வருகிறது. சற்று வேகமான ஒருவன் அவனை முந்திச் செல்கிறான். புதியவன் அவனைப் பின்தொடர்கிறான். முன்னவன் பிரேக் பிடிக்கும் இடத்தில் தானும் பிடிக்கிறான். அந்த இடம் தன் இடமன்று என்பதை மறக்கிறான். முன்னே செல்பவனின் பின் சக்கரத்தையே கண் பற்றிக்கொள்கிறது. அவன் தவறினால் இவனும் அவனோடு தடத்தை விட்டு வெளியேறுவான். மிகப் பல புதியவர்கள் விழுவது தம் ஓட்டத்தால் அன்று, பிறர் ஓட்டத்தைத் தம்முடையதாக எண்ணி ஓடியதால். முந்துபவனே பொறுப்பாளி என்பது தடத்தின் பொதுவான மரபு. முன்னால் செல்பவன் தன் கோட்டில் செல்ல உரிமையுடையவன். பின்னால் வருபவன் அவனுக்குத் தீங்கு நேராமல் இடம் பார்த்துக் கடக்க வேண்டும். கண்ணாடி இல்லாத வண்டிகள் நெருங்கி ஓடுவது இந்த ஒப்பந்தத்தை நம்பியே.

சில வேளைகளில் ஐந்தாம் அல்லது ஆறாம் சுற்றில் பிரேக் பிடி கைக்குள் தளர்ந்து இறங்குவதை ஓட்டி உணர்கிறான். திரவம் கொதித்துவிட்டதன் அறிகுறி அது. இன்னும் இரண்டே சுற்று, சமாளித்துவிடலாம் என்று மனம் சொல்லும். கையை உயர்த்திப் பின்னால் வருவோருக்கு அறிவித்து, ஓரமாக ஒதுங்கி, வண்டிகள் திருத்தும் கொட்டகைக்குள் திரும்புவதற்கு வேண்டிய மனவுறுதி, வளைவில் சாய்வதற்கு வேண்டியதைவிட அதிகம். சாய்வதைப் பார்க்கக் கூட்டம் உண்டு. ஒதுங்குவதைப் பார்த்துக் கைதட்ட எவருமில்லை.

பந்தயம் முடிந்ததும் ஒவ்வொரு சுற்றின் நேரமும் அச்சிட்ட தாளாகக் கிடைக்கிறது. புதியவனுக்கு அது வியப்பூட்டும். உயிரைக் கொடுத்து ஓட்டியதாக எண்ணிய சுற்றுக்கள் அதில் மெதுவானவையாக இருக்கும். ஒன்றும் நிகழவில்லை, சும்மா ஓடினேன் என்று எண்ணிய சுற்றே மிக வேகமானது.

படுவான்கரை வீதிகளில் இந்த ஏற்பாடுகளில் ஒன்றும் இல்லை. அறுவடைக் காலத்தில் வீதியோரத்தில் உலரப் போட்ட நெல், வழுக்கும் தன்மையில் சிந்திய எண்ணெய்க்குச் சளைத்ததன்று. அதற்குச் சிவப்புக் கோடிட்ட மஞ்சள் கொடி காட்ட எவரும் நிற்பதில்லை. இருட்டிய பின் வீதியைக் கடக்கும் மாடுகளுக்கும், எல்லைப்புறக் கிராமங்களில் இறங்கும் யானைகளுக்கும் நீலக் கொடி தெரியாது. வளைவின் வெளிப்புறத்தில் டயர் மதிலுக்குப் பதில் மதகின் சீமெந்துக் கட்டு நிற்கிறது. இலங்கையில் ஆண்டுதோறும் வீதி விபத்துக்களில் இரண்டாயிரத்துக்கும் மேற்பட்டோர் மடிகின்றனர். அவர்களுள் மோட்டார் சைக்கிளில் சென்றோரே பெருந்தொகையினர். தடத்தில் ஓடிப் பழகியவர்கள் பொது வீதியில் வேகம் காட்ட விரும்பாதது ஒழுக்கத்தால் மட்டுமன்று. எதிரே எவரும் வரமாட்டார்கள் என்ற உறுதி, ஒரே திசையில் ஓடும் ஓட்டம், விழுந்தால் தூக்க ஆள், இவையின்றி அந்த வேகத்துக்கு அடிப்படையே இல்லை என்பதை அவர்கள் உடலால் அறிந்தவர்கள்.

பந்தயத் தடம் எட்டாத தொலைவில் இருந்தாலும், மூன்று நாட் பாடத்தில் ஒன்றை வெல்லாவெளியிலேயே பழகலாம். போக்குவரத்து இல்லாத, தளமிட்ட ஒரு வெளியை உரியவர்களிடம் அனுமதி பெற்றுத் தேர்ந்து, தலைக்கவசமும் கையுறையும் சப்பாத்தும் அணிந்து, பெரியவர் ஒருவரைத் துணைக்கு வைத்துக்கொள்ள வேண்டும். ஓரிடத்தில் இரு தேங்காய் மட்டைகளை அடையாளமாக வைத்து, மணிக்கு 30 கிலோமீற்றர் வேகத்தில் வந்து, மட்டைகளைத் தாண்டும்போது இரு பிரேக்குகளையும் மெல்லப் பிழிந்து நிற்க வேண்டும். நின்ற இடத்துக்கு உள்ள தூரத்தை அடிகளால் அளந்து ஒரு கொப்பியில் எழுத வேண்டும். பலமுறை செய்து, அளவு ஒரே சீராக வந்த பின்னரே வேகத்தை 40 ஆக்கலாம். மிதமான பிரேக்கில் 30க்கு ஏறக்குறைய 7 மீற்றரும், 40க்கு 12 மீற்றருக்குச் சற்று மேலும் ஆகும். 60 கிலோமீற்றரில் வருபவனுக்கு அதே பிரேக்கில் ஏறக்குறைய 28 மீற்றர் வேண்டும். பிரேக்கைத் தொடுமுன் யோசிக்கும் ஒரு நொடியில் வண்டி ஓடிவிடும் 17 மீற்றர் இதில் சேரவில்லை. அந்த 60ஐ ஓட்டிப் பார்க்கத் தேவையில்லை. 28உம் 17உம் கூட்டிய 45 மீற்றரைத் தரையில் அளந்து, மறுமுனையில் ஒரு மட்டையை வைத்து, இந்த முனையில் நின்று பார்த்தாலே போதும்.